அன்றாட விற்பனைக் கணக்கை மாதவாரியாகத் தொகுப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் கருப்பட்டியும் பலகாரமும் விற்கும் உங்கள் குடும்பக் கடைக்கு நெல்லை டவுனில் ஒரு கிளை இருக்கிறது. பில் போடும் மென்பொருளிலிருந்து 2022 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான விற்பனையைத் தேதி, கிளை, சரக்கு, தொகை என்ற நான்கு நெடுவரிசைகளாக எக்செல்லில் இறக்கியிருக்கிறீர்கள். மாதத்தின் பெயருக்கென ஒரு நெடுவரிசை சேர்த்துத் தொகுத்தபோது மூன்று ஆண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டே வரிகள் வந்தன; அவையும் ஏப்ரலில் தொடங்காமல் அக்டோபரில் தொடங்கின. பிவட் டேபிளில் (நீண்ட பட்டியலைச் சுருக்கிக் கூட்டிக் காட்டும் அட்டவணையில்) உள்ள க்ரூப் வசதியைப் பயன்படுத்திப் பார்த்தால், தேர்ந்தெடுத்ததைத் தொகுக்க இயலாது என்று பிழை காட்டுகிறது. இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும், தேதியைத் தேதியாக வைத்துக்கொள்ளாமல் எழுத்தாக மாற்றிவிட்டதுதான் மூன்றுக்கும் காரணம்.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது அதற்கு 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வந்து 2024 ஏப்ரல் 1 என்பது 45383 ஆகிறது. திரையில் நாம் காண்பது அந்த எண்ணுக்கு உடுத்திய சட்டை மட்டுமே. இந்த எண் இருக்கும் வரை வரிசைப்படுத்தவும், கழித்துப் பார்க்கவும், மாதமாகச் சேர்க்கவும் மென்பொருளால் முடியும். நீங்கள் அதிலிருந்து ‘ஏப்ரல்’ என்ற சொல்லை மட்டும் உருவி எடுத்து, அதன் மேல் தொகுத்தபோது ஆண்டு கைவிட்டுப் போயிற்று. ஆகவே 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஏப்ரல்களும் ஒரே ஏப்ரலாகிவிட்டன.

வரிசை குலைந்ததற்கும் அதுவே காரணம். சொல்லை மென்பொருள் எழுத்து வரிசையில்தான் அடுக்கும். இதில் தமிழுக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ் அகராதி முறைப்படி அடுக்கினால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர், டிசம்பர் என்று போய், கிரந்த எழுத்தான ஜ கடைசியில் வருவதால் ஜனவரி, ஜூலை, ஜூன் என்று முடியும். யூனிகோட் எண்ணை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளங்களிலோ ஜ என்ற எழுத்து ச-வுக்கும் ட-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் செப்டம்பரை அடுத்து ஜனவரி வரும். னகரத்தின் எண் லகரத்தின் எண்ணைவிடச் சிறியது என்பதால் ஜூலைக்கு முன் ஜூன் வரும். பட்டியல் மே மாதத்தில் முடியும். எப்படி அடுக்கினாலும் மாதங்கள் நாள்காட்டி வரிசையில் வராது.

இதற்கு நான் இருபது ஆண்டுகளாகக் கையாளும் வழி எளியது. ஒவ்வொரு விற்பனைத் தேதிக்கும் எதிரே அந்த மாதத்தின் முதல் தேதியைப் பதிந்துவிட்டு, அந்த முதல் தேதியின் மேல் தொகுக்க வேண்டும். எக்செல்லில் தேதியிலிருந்து அதன் நாள் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் மாதத்தின் முதல் தேதி கிடைத்துவிடும். 2024 ஏப்ரல் 5 என்பது 45387. அதில் 5 போனால் 45382. ஒன்றைக் கூட்டினால் 45383, அதாவது ஏப்ரல் 1. ஏப்ரல் 30 என்ற 45412-இலிருந்து 30 போய் ஒன்று கூடினாலும் அதே 45383 வரும். இப்படி ஒரு மாதத்தின் எல்லா நாள்களும் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன, ஆண்டும் அதனுள்ளேயே இருக்கிறது, வரிசையும் கெடுவதில்லை. திரையில் ‘ஏப்ரல் 2024’ என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கட்டத்தின் வடிவமைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் எண்ணைத் தொடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் டேட் ட்ரங்க் என்ற செயற்கூறு இதையேதான் செய்கிறது. எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து டேட்ட்ரங்க் வந்துவிட்டது. அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐ-யில் மாதப் பெயரைத் தனியாக வைத்தே தீருவேன் என்பவர்கள், அந்த நெடுவரிசையை எந்த எண்ணின்படி அடுக்க வேண்டும் என்பதைச் சார்ட் பை காலம் (Sort by column) என்ற கட்டளையின் மூலம் சொல்லிவிடலாம்.

எக்செல் பிவட் டேபிளின் க்ரூப் வசதியைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் மந்த்ஸ் என்பதோடு இயர்ஸ் என்பதையும் சேர்த்துத் தேர்வு செய்ய வேண்டும். மந்த்ஸ் மட்டும் தேர்ந்தெடுத்தால் மூன்று ஏப்ரல்களும் மறுபடி ஒன்றாகிவிடும். 2016 பதிப்பு முதல் எக்செல் தானாகவே ஆண்டு, காலாண்டு, மாதம் என்று பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் காலாண்டு ஜனவரியில் தொடங்குவது, நம் கணக்காண்டின் காலாண்டு ஏப்ரலில் தொடங்குவது என்பதை மறக்காமல் அதை நீக்கிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் தேதியின் மேல் வலது சொடுக்குச் செய்து வரும் தொகுப்புப் பட்டியலில் ஆண்டு-மாதம் என்ற தேர்வு தனியாகவே இருக்கிறது.

இனி, தொகுக்க இயலாது என்ற பிழை. உங்கள் மூன்று கோளாறுகளில் இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. அந்தப் பிழை வந்ததற்கு நீங்கள் மகிழ்ச்சி அடையலாம். தேதி நெடுவரிசையில் எழுத்தாகப் பதிந்த ஒரே ஒரு கட்டம் இருந்தாலும் எக்செல் தொகுக்க மறுக்கும். பல பதிப்புகளில் காலிக் கட்டம் இருந்தாலும் மறுக்கும். உங்களிடம் ஒன்றிரண்டு அல்ல, பாதிக்கும் மேற்பட்ட தேதிகள் எழுத்தாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறேன். பில் மென்பொருள் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறது. கணினியின் வட்டார அமைப்பை அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால், எக்செல் அதை மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். 05/04/2024 என்பது ஏப்ரல் 5. எக்செல்லுக்கு அது மே 4. 13/04/2024 என்பதைப் படிக்கப் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அதை எழுத்தாகவே விட்டுவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாள் ஆண்டில், மாதத்துக்கு முதல் 12 நாள் வீதம் 144 தேதிகளைத்தான் எக்செல் தேதியாக ஏற்கும். மீதமுள்ள 221 தேதிகள் எழுத்தாக நிற்கும். ஏற்ற 144-இலும் ஜனவரி 1, பிப்ரவரி 2, மார்ச் 3 என்பது போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமைந்த 12 தேதிகள் மட்டுமே சரி. 132 தேதிகள் வேறு மாதத்துக்குப் போய்விட்டன. எழுத்தாக நிற்பவற்றை யாரும் பார்த்துவிடலாம், அவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்; தேதிகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். இடம் மாறிய 132-ஐத்தான் கண்ணால் பிடிக்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்கு மாத அறிக்கை செய்து கொடுத்தேன். எழுத்தாக நின்ற வரிகளை ‘பழுதான பதிவு’ என்று எண்ணி, கொஞ்சமும் யோசிக்காமல் வடிகட்டிவிட்டேன். கடை அண்ணாச்சி மொத்தத் தொகையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நான் பெருமைக்காகச் சேர்த்திருந்த ‘விற்பனை நடந்த நாள்கள்’ என்ற எண்ணைப் பார்த்தார். எல்லா மாதத்துக்கும் எதிரே 12 என்று இருந்தது. “ஏம்ப்பா, நான் மாசத்துக்குப் பன்னெண்டு நாளுதான் கடையத் தொறந்தனா?” என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த மாத அறிக்கையிலும் நாள் எண்ணிக்கையை ஒரு நெடுவரிசையாக வைக்காமல் நான் கொடுப்பதில்லை, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்ய, ஏற்கெனவே எக்செல்லில் திறந்த கோப்பைத் திருத்த முயல வேண்டாம். நாளும் மாதமும் இடம் மாறியவை எவை என்பது அங்கே மறைந்துவிட்டது. பில் மென்பொருளிலிருந்து புதிதாக இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை) இரட்டைச் சொடுக்கால் திறக்காமல், டேட்டா பட்டியின் வழியாக இறக்குமதி செய்யுங்கள். எக்செல்லின் இறக்குமதிப் பகுதியான பவர் குவெரி திரையில் அது தானாகச் செய்திருக்கும் வகை மாற்றத்தை நீக்கிவிட்டு, தேதி நெடுவரிசைக்கு யூசிங் லோக்கேல் (எந்த வட்டார முறைப்படி படிக்க வேண்டும்) என்பதைத் தேர்ந்து, இங்கிலிஷ் இந்தியா என்று கொடுத்தால் எல்லாத் தேதிகளும் ஒழுங்காக வந்து சேரும். அதன் பிறகு க்ரூப் வசதியும் முரண்டு பிடிக்காது.

தேதி சரியான பின்னும், எது ஒரு ‘நாள்’ என்ற கேள்வி எஞ்சுகிறது. உங்கள் தேதி நெடுவரிசையில் நேரமும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று வடிகட்டும்போது, ஏப்ரல் 30 என்பதை மென்பொருள் அன்று நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு, அன்றைய பகல் விற்பனை முழுவதையும் விட்டுவிடும். மாதக் கடைசி நாள் எப்போதும் குறைவாகவே தெரிகிறது என்று புலம்பும் கடைகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ‘ஏப்ரல் 1-ஆம் தேதியோ அதற்குப் பின்னோ, ஆனால் மே 1-க்கு முன்’ என்று நிபந்தனை கொடுப்பதே பாதுகாப்பு.

பில் மென்பொருள் இணையவழிச் சேவையாக இருந்தால், நேரத்தை இந்திய நேரத்தில் வைத்திருக்கிறதா, உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னே ஓடுவதால், மாதம் முதல் தேதி விடியற்காலை ஐந்தரைக்கு முன் போட்ட பில், பொது நேரப்படி முந்தைய மாதக் கடைசி நாளில் விழும். உங்கள் டவுன் கிளையில் நாலு மணிக்கே டீயும் வடையும் தொடங்கிவிடுவதாகச் சொல்லியிருப்பதால் இது உங்களைத் தொடும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகே மாத முதல் தேதியைக் கணக்கிடுங்கள். வரிசை மாறினால் பயன் இல்லை. தீபாவளிக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை ஓடும் வியாபாரத்தை முந்தைய நாளில் சேர்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு. கல்லாவைச் சரிபார்க்க அப்படி வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டிக்குப் பில்லில் உள்ள தேதிதான் கணக்கு. மார்ச் 31 இரவில் இந்த வேறுபாடு கணக்காண்டையே மாற்றிவிடும். ஆகவே பில் தேதி, வியாபார நாள் என்று இரண்டு நெடுவரிசைகளை வைத்து, எந்த அறிக்கை எதன் மேல் நிற்கிறது என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, நாள்காட்டி அட்டவணை. இதை மட்டும் செய்துவிட்டால் மீதி வேலைகள் பாதியாகக் குறையும். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு வரி வீதம், உங்கள் மூன்று ஆண்டுகளுக்கு 1096 வரிகள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே மாத முதல் தேதி, கணக்காண்டு, கணக்காண்டில் எத்தனையாவது மாதம், தமிழ் மாதம், கடை அடைத்திருந்தால் அதன் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். கணக்காண்டைக் கண்டுபிடிக்க ஈடேட் செயற்கூறால் தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி, கிடைக்கும் ஆண்டைப் பாருங்கள்: 2025 பிப்ரவரி 15 பின்னுக்குப் போனால் 2024 நவம்பர் 15, ஆகவே அது 2024-25. தமிழ் மாதத்தை எக்செல் தானாகச் சொல்லாது. ஆனிக்கு 31 அல்லது 32 நாள், மார்கழிக்கு 29 அல்லது 30 நாள் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதப் பிறப்பை ஒருமுறை கையால் பதிவதே வழி. மூன்று ஆண்டுக்கு 36 மாதப் பிறப்புகள்தானே. ஒரு மத்தியான வேலை.

எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில், 2024 அக்டோபர் விற்பனை முந்தைய அக்டோபரைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று அப்பா பார்க்க விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீடு பலகாரக் கடைக்குப் பொருந்தாது. தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களை எடுத்தால், 2024-இல் அது முழுவதும் அக்டோபருக்குள் அடங்கிவிடுகிறது. 2023-இலோ அதில் பாதிக்கும் மேல் நவம்பருக்குப் போய்விட்டது. ஆகவே 2024 அக்டோபர் தாவிக் குதித்ததாகவும், நவம்பர் படுத்துவிட்டதாகவும் அறிக்கை காட்டும். அக்டோபர் எண்ணைப் பார்த்து அடுத்த ஆண்டுக்குச் சரக்குப் போட்டால் கையைக் கடிக்கும்.

தமிழ் மாதமாகத் தொகுத்தால் சரியாகிவிடும் என்று முதலில் நானும் நினைத்தேன், தீபாவளி எப்படியும் ஐப்பசியில்தானே வருகிறது என்று. ஆனால் ஐப்பசி அக்டோபர் 17, 18 வாக்கில் பிறக்கிறது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. பண்டிகை ஐப்பசியில்தான், பலகார வியாபாரமோ பெரும்பகுதி புரட்டாசியில் முடிந்துவிட்டது. ஆகவே நாள்காட்டி அட்டவணையில் ‘தீபாவளிக்கு எத்தனை நாள் முன்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, முந்தைய 21 நாள்களைத் தனிக் குழுவாக எடுத்து ஆண்டோடு ஆண்டை ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமும் ஓர் ஆண்டு ஜூனிலும் மற்றோர் ஆண்டு ஜூலையிலும் வருவதால், உங்கள் டவுன் கிளைக்கு அதற்கும் இதே முறை பொருந்தும். தமிழ் மாதத் தொகுப்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆடி மாதத்துக்கென நம் ஊரில் தனி வியாபாரப் போக்கு இருக்கிறது, அதை ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டாக வெட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

நாள்காட்டி அட்டவணையின் இன்னொரு பயன், விற்பனையே நடக்காத நாள்களையும் காட்டுவது. விற்பனைப் பட்டியலில் இல்லாத நாளை எந்தத் தொகுப்பும் காட்டாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது உங்கள் கடையும் அடைத்துத்தான் கிடந்திருக்கும். அந்த டிசம்பரின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் வியாபாரம் மந்தம் என்று தோன்றும். திறந்திருந்த நாள்களால் வகுத்துப் பார்த்தால் மந்தம் வியாபாரத்திலா, வானத்திலா என்பது தெரிந்துவிடும். நாள்காட்டி அட்டவணையை முதன்மையாக வைத்து அதனோடு விற்பனையை இணையுங்கள், தலைகீழாக வேண்டாம்.

எல்லா எண்ணையும் மாதமாகக் கூட்டிவிடவும் முடியாது. தொகையையும் எடையையும் கூட்டலாம். தினமும் மாலையில் எழுதும் கருப்பட்டி இருப்பைக் கூட்டினால், கிட்டங்கியில் இல்லாத மலையொன்று தாளில் எழும்பும். இருப்புக்கும் வாடிக்கையாளர் பாக்கிக்கும் மாதக் கடைசி நாளின் எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். சராசரியிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. ஒரு பேச்சுக்கு, திங்களன்று 100 பில், சராசரி 150 ரூபாய். ஞாயிறன்று 300 பில், சராசரி 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சராசரியையும் கூட்டி வகுத்தால் 200 வரும். உண்மையில் 90,000 ரூபாயை 400 பில்லால் வகுக்க வேண்டும், அது 225. மாதச் சராசரியை எப்போதும் பில்களிலிருந்தே கணக்கிடுங்கள், தினச் சராசரியிலிருந்து வேண்டாம். இதற்காகத்தான் மாதத் தொகுப்பு கிடைத்த பின்னும் அன்றாடப் பட்டியலை அழிக்கக் கூடாது என்கிறேன்.

எல்லாம் முடிந்த பின் ஒரு சரிபார்ப்பு. டாலி கணக்கு மென்பொருளில் விற்பனைப் பதிவேட்டைத் திறந்தால் அது மாதவாரியாகத்தான் முதலில் நிற்கும். அந்த 36 மாதத் தொகைகளை உங்கள் தொகுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். எல்லா மாதத்திலும் ஒரே விகிதத்தில் வேறுபாடு வந்தால், ஒன்று வரி சேர்த்த தொகை, மற்றது சேர்க்காத தொகை. ஒரு மாதத்தில் கூடி அடுத்த மாதத்தில் அதே அளவு குறைந்தால், மாத எல்லையில் நேரச் சிக்கல் இருக்கிறது. ஓரிரு மாதத்தில் மட்டும் சில்லறையாக வேறுபட்டால் திரும்பி வந்த சரக்கைப் பாருங்கள். பில் போட்ட மாதத்தில் கழித்திருக்கிறீர்களா, கிரெடிட் நோட் (சரக்கு திரும்பியதற்கான வரவுச் சீட்டு) போட்ட மாதத்தில் கழித்திருக்கிறீர்களா என்று. மாதாந்தர முறையில், விற்பனை விவரத்தைத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்பதால், இந்தச் சரிபார்ப்பை 5-ஆம் தேதிக்குள் வைத்துக்கொண்டால் திருத்த நேரம் இருக்கும்.

நாளைக் காலை கடைக்குப் போனதும் நாள் எண்ணிக்கையைத்தான் முதலில் பாருங்கள். உங்கள் பழைய கோப்பில் எழுத்தாக நிற்கும் வரிகளை மறைத்துவிட்டு, 2023-ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை வெவ்வேறு தேதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வரிசையாக 12, 12, 12 என்று வந்தால் இறக்குமதியிலிருந்து தொடங்குங்கள். 30, 31 என்று வந்தால் நேரே மாத முதல் தேதிக்குப் போய்விடலாம்.